கம்போஸில் எழுத்து எப்படி வேகமானது: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு செயலியில் நீளமான பட்டியலை வேகமாகத் தள்ளும்போது திரை அங்கங்கே தடுக்கினால், சந்தேகம் முதலில் படங்கள் மீதுதான் விழும். படங்களை முழுக்க எடுத்துவிட்டுப் பார்த்தும் தடுக்கல் போகவில்லை என்றால்தான் எழுத்தின் மீது கண் போகும். ஒரு உரையாடல் பட்டியலின் ஒரே வரிசையில் பெயர், நேரம், கடைசிச் செய்தி, படிக்காதவற்றின் எண்ணிக்கை என்று நான்கு டெக்ஸ்ட்கள் (எழுத்தைக் காட்டும் திரை உறுப்புகள்) இருக்கும். விரலை ஒருமுறை வேகமாக இழுத்தால் இப்படி எத்தனையோ வரிசைகள் உள்ளே வருகின்றன. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை புதுப்பிக்க, கிடைப்பது 16.6 மில்லி விநாடி. 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3 மட்டுமே. புதிய வரிசையின் எழுத்து வேலை முழுவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது செயலித் திரைகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டின் கருவித்தொகுப்பான ஜெட்பேக் கம்போஸில் உள்ள டெக்ஸ்ட் உறுப்பை. 2021 ஜூலையில் 1.0 வந்த காலத்திலிருந்து 2025 வரை அது எப்படி வேகப்படுத்தப்பட்டது, அந்த வேகம் எங்கே ஒளிந்திருந்தது என்பதுதான் பேச்சு. என்னைப் பொறுத்தவரை இது மொபைல் கருவித்தொகுப்புகளில் நடந்த நல்ல வேலைகளில் ஒன்று. எழுத்தை வரையும் முறையை யாரும் தலைகீழாக மாற்றிவிடவில்லை. ஏற்கெனவே செய்த வேலையை மறுபடி செய்ய வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அடைத்தார்கள்.

ஒரு சொல் திரைக்கு வரும் வழி

‘விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 15 எழுத்துகள். யூனிகோடில் 29 குறியீடுகள். மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படுவதால் இந்த வித்தியாசம். ‘ளை’யில் உள்ள ஐகாரக் குறி நினைவகத்தில் ளகரத்துக்குப் பின்னால் இருக்கிறது, திரையிலோ முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் ஒரே குறியீடாக இருக்கும் ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் போய் நிற்க வேண்டும். ‘டி’, ‘ரு’ போன்றவற்றுக்குப் பல எழுத்துருக்களில் தனி வடிவமே உண்டு. இந்த இடமாற்றத்தையும் வடிவத் தேர்வையும் செய்வது ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுப்பு. குறியீடுகளை வாங்கிக்கொண்டு, எந்த வடிவம், எந்த இடத்தில், எவ்வளவு அகலம் என்று திருப்பித் தரும்.

அதற்கு மேல் மினிகின் இருக்கிறது. எந்த எழுத்துருவில் இந்த எழுத்து உண்டு, எங்கே வரி முறியலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அதற்கும் மேலே ஸ்டாடிக் லேஅவுட், பத்தியை வரிகளாகப் பிரித்து உயரத்தைச் சொல்கிறது. கடைசியில் ஸ்கியா வரைகிறது. ஆண்ட்ராய்டு 5.0இலிருந்து வரைவது தனி ரெண்டர் த்ரெட்டில் (இணையாக ஓடும் வேலைத் தடத்தில்) நடக்கிறது. ஒருமுறை உருவாக்கிய எழுத்து வடிவங்கள் ஜிபியுவின் அட்லஸில் (வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பெரிய படத்தில்) தங்கிவிடுவதால் அடுத்த முறை அவற்றை எடுத்து ஒட்டினால் போதும்.

இந்த வரிசையில் வரைதல் பெரும்பாலும் மலிவான பகுதி. செலவெல்லாம் அதற்கு முந்தைய அளவிடுதலில் இருக்கிறது. அது நடப்பதோ விரல் அசைவைக் கவனித்துக்கொண்டிருக்கும் அதே முதன்மை த்ரெட்டில்.

மினிகின் இதற்கு நல்ல தற்காப்பு ஒன்றை வைத்திருக்கிறது. அளந்த சொற்களை ஒரு கேஷில் சேர்த்து வைக்கிறது, அதன் கொள்ளளவு 5000 பதிவுகள். ஒரு பதிவின் அடையாளம் வெறும் சொல் மட்டும் இல்லை. எழுத்துரு, எழுத்தளவு, எழுத்து இடைவெளி, மொழி எல்லாம் சேர்ந்ததுதான் அடையாளம். நிறம் அதில் இல்லை. அதாவது ஒரே சொல் சிவப்பிலும் கறுப்பிலும் வந்தால் ஒரே பதிவு போதும். எழுத்தளவு 14இலும் 15இலும் வந்தால் இரண்டு பதிவு வேண்டும். இது சின்னத் தகவல் போலத் தெரியும், கீழே இரண்டு இடங்களில் இதுவே முடிவைத் தீர்மானிக்கப் போகிறது.

தமிழ் உரைக்கு இந்த கேஷ் ஆங்கிலத்துக்குப் போல அவ்வளவு கைகொடுப்பதில்லை. ‘விளையாடு’ என்ற ஒரே வினை காலம், இடம், எண், துணைவினை என்று ஒட்டிக்கொண்டு எத்தனையோ தனிச் சொற்களாக வரும். ஒவ்வொன்றும் கேஷுக்குப் புதியது. எனவே தமிழ்ச் செயலியின் வேகத்தை ஆங்கில மாதிரி உரையை வைத்துச் சோதித்துவிட்டு முடிவு எழுதுவது சரியில்லை.

சுற்றிலும் இருந்த சுமை

கம்போஸ் ஒரு ஃப்ரேமை மூன்று கட்டங்களாகச் செய்கிறது: கம்போஸிஷன், லேஅவுட், வரைதல். என்ன காட்ட வேண்டும், எவ்வளவு பெரிது, எங்கே எப்படி வரைவது என்ற வரிசை. முதல் பதிப்புகளில் ஒரு சாதாரண டெக்ஸ்ட்டை வைத்தாலே முதல் கட்டத்தில் நிறைய வேலை நடந்தது. கொடுத்த ஸ்ட்ரிங் (வெறும் உரை) அனோடேட்டட் ஸ்ட்ரிங்காக (பாணிக் குறிப்புகள் ஒட்டிய உரையாக) மாற்றப்பட்டது. ஒற்றை நிறத்தில் ஒற்றைச் சொல் என்றாலும் அதே பாதை. பிறகு உரையைத் தேர்ந்தெடுக்கும் வசதிக்கான ஏற்பாடு, திரை வாசிப்பானுக்கான தகவல், வரைவதற்கான மாடிஃபையர் (உறுப்பின் தோற்றத்தையோ நடத்தையையோ மாற்றும் இணைப்பு) என்று பொருள்கள் சேர்ந்துகொண்டே போயின.

அந்தக் கால மாடிஃபையர்கள் பலவும் கம்போஸ்ட் என்னும் முறையில் எழுதப்பட்டிருந்தன. அதில் ஒவ்வொரு மாடிஃபையரும் தனக்கென்று நினைவில் வைத்தவற்றைக் கம்போஸிஷனுக்குள் சேமிக்கும். ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் கம்போஸபிள் ஃபங்ஷனை (கம்போஸிஷனில் ஓடும் ஃபங்ஷனை)க் கம்போஸால் தாண்டிப் போக முடியாது. எதுவுமே மாறாவிட்டாலும் அது மறுபடி ஓடியே தீரும். ஒரு டெக்ஸ்ட்டுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய செலவு. ஆனால் ஒரு திரையில் மிக அதிகமாக இருக்கும் உறுப்பே டெக்ஸ்ட்தான், ஆகவே செலவும் அதற்கேற்பப் பெருகியது.

இதற்கு மாற்றாக வந்தது மாடிஃபையர் நோட். இதில் இரண்டு பகுதி. ஒன்று, ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் சின்ன விவரப்பொருள், மதிப்புகளை மட்டும் ஏந்தி வருவது. மற்றொன்று, திரையில் உறுப்பு இருக்கும் வரை உயிரோடு இருக்கும் நோட். புதிய விவரம் பழையதுக்குச் சமம் என்றால் நோட்டைத் தொடவே தேவையில்லை. வேறாக இருந்தால் நோட்டுக்கு ‘இது மாறியிருக்கிறது’ என்று சொல்லப்படும், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் வந்த 1.5 பதிப்பில் டெக்ஸ்ட் இந்த முறைக்கு வந்திருந்தது. மாடிஃபையர்களின் கம்போஸிஷன் நேரம் 80% வரை குறைந்ததாக அந்தப் பதிப்பின்போது அறிவிக்கப்பட்டது.

என்னை அதிகம் ஈர்ப்பது அந்த நோட் மாற்றத்தை எப்படிக் கையாள்கிறது என்பது. புதிய மதிப்புகள் வந்ததும் அது மூன்று தனிக் கேள்விகள் கேட்கிறது. உரை மாறியதா? எழுத்தளவு, எழுத்துரு, வரி எண்ணிக்கை போல அளவைப் பாதிக்கும் எதுவும் மாறியதா? இல்லை, நிறம் போல வரைதலை மட்டும் பாதிப்பது மாறியதா? இதற்காகவே டெக்ஸ்ட் ஸ்டைலில் இரண்டு ஒப்பீடுகள் இருக்கின்றன: அளவைப் பாதிக்கும் பண்புகள் ஒன்றா என்று ஒன்று, வரைதலைப் பாதிப்பவை ஒன்றா என்று இன்னொன்று. நிறம் மட்டும் மாறினால் மறுபடி அளப்பதில்லை, வரைதல் மட்டும் புதுப்பிக்கப்படும். உரையே மாறினால் அளந்துதான் ஆக வேண்டும். அப்போதும் இந்த டெக்ஸ்ட்டின் அகல உயரம் மாறாவிட்டால் மேலே உள்ள பெட்டிகளுக்கு வேலை போகாது. விநாடிக்கு ஒருமுறை மாறும் கடிகார எண்ணுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒன்றும் செய்யாத ஃபங்ஷன்

இந்த மாற்றத்தின் நடுவே உள்ள ஒரு நுணுக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேகப்படுத்தும் வேலை எப்படிப்பட்டது என்பது இதில் நன்றாகத் தெரியும்.

புதிய ஏற்பாட்டில் டெக்ஸ்ட்டுக்கு இரண்டு பாதைகள் உண்டு. வெறும் ஸ்ட்ரிங், ஒரே பாணி என்றால் குறுக்குப் பாதை. அதில் அனோடேட்டட் ஸ்ட்ரிங் உருவாகாது, பத்திகளாகப் பிரிக்கும் வேலை நடக்காது, ஒரே ஒரு பத்தி அளக்கப்படும். உரைக்குள் பல பாணிகள், தேர்ந்தெடுக்கும் வசதி, அல்லது லேஅவுட் முடிவு எங்களுக்கு வேண்டும் என்று கேட்கும் கால்பேக் (முடிவு வந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) இருந்தால் முழுப் பாதை. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த எழுத்து எந்த இடத்தில் என்றெல்லாம் சொல்லும் முழு முடிவுப்பொருள் அங்கே உருவாக்கப்படும்.

சிக்கல் என்னவென்றால், மெட்டீரியல் நூலகத்தின் டெக்ஸ்ட்டில் ஆன்டெக்ஸ்ட்லேஅவுட் என்னும் அந்தக் கால்பேக்குக்கு இயல்பு மதிப்பாக ஒரு வெற்று ஃபங்ஷன் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத இரண்டு அடைப்புக்குறி. எழுதுபவருக்கு அது வசதி, ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கீழே இருக்கும் அடுக்குக்கு, ‘யாரோ லேஅவுட் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்றுதான் அது தெரியும். கால்பேக் வெறுமையானதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? கேட்காத முடிவை எல்லா டெக்ஸ்ட்டும் தயாரிக்க வேண்டியிருந்திருக்கும். தீர்வு: இயல்பு மதிப்பை null, அதாவது ‘எதுவும் கொடுக்கப்படவில்லை’ என்று மாற்றினார்கள். பழைய வடிவத்தைத் தொகுத்து வைத்திருக்கும் செயலிகள் உடையாமலிருக்க அதை மறைத்து வைத்துவிட்டு, புதிய வடிவத்தை முன்னால் வைத்தார்கள். செயலி எழுதுபவர் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லை, நூலகத்தைப் புதுப்பித்ததும் அவருடைய பெரும்பாலான டெக்ஸ்ட்கள் குறுக்குப் பாதைக்கு வந்துவிட்டன.

திரை வாசிப்பானுக்கும் சோதனைகளுக்கும் முழு லேஅவுட் முடிவு தேவைப்படும் நேரம் உண்டு. குறுக்குப் பாதையில் அது யாராவது கேட்கும்போது மட்டும் உருவாகிறது. பார்வையற்றவர் பயன்படுத்தும் வசதியில் எதையும் வெட்டாமல், அது தேவைப்படாத நேரத்தின் செலவை மட்டும் வெட்டியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

வரி முறிப்பும் சொல் பிரிப்பும்

கம்போஸுக்கு முன்பே ஆண்ட்ராய்டு கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இங்கே உதவியது. 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 வந்தபோது தரமான வரி முறிப்பும், வரிக் கடைசியில் ஹைஃபன் போட்டுச் சொல்லைப் பிரிக்கும் வசதியும் சேர்ந்தன. பத்தி பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சொல் பிரிப்பு இயங்கும்போது, உரையை அளக்கச் செலவாகும் சிபியு நேரத்தில் 70% வரை அதற்கே போவதாகச் சோதனைகளில் தெரிந்தது. ஆண்ட்ராய்டு 10இல் அதை இயல்பாகவே நிறுத்தி வைத்தார்கள். வேண்டுமென்பவர் போட்டுக்கொள்ளலாம். கம்போஸிலும் அப்படியே: சொல் பிரிப்பு இயல்பில் இல்லை, வரி முறிப்பு எளிய முறையில், அதாவது முடிந்தவரை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் முறையில் நடக்கும். நீண்ட கட்டுரைப் பத்திக்கு மட்டும் தரமான முறையைக் கேட்டு வாங்கலாம். ஒற்றை வரித் தலைப்புகளுக்கு அது வீண்.

அளவிடுதலில் இன்னொரு மூலை, குறைந்தபட்ச அகலம். ‘இந்த உரையை எவ்வளவு வரை நெருக்கலாம்’ என்று ஒரு பெட்டி கேட்டால், மிக அகலமான சொல்லைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதற்கு உரை முழுவதையும் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டும். எல்லாச் சொற்களையும் அளக்காமல், எழுத்து எண்ணிக்கையில் நீளமான 10 சொற்களை மட்டும் எடுத்துவைத்து அவற்றை அளக்கிறது கம்போஸ். எழுத்து அதிகமுள்ள சொல்தான் அகலமானதாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, ஆனாலும் பத்தில் ஒன்று அதுவாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். நியாயமான சமரசம். இவ்வளவு செய்தும் இந்தக் கேள்வி மலிவாகிவிடவில்லை. பட்டியல் வரிசைக்குள் இன்ட்ரின்ஸிக் சைஸ் போட்டு இரண்டு நெடுவரிசைகளைச் சமப்படுத்தும் பழக்கம் இருந்தால், ஒவ்வொரு புதிய வரிசைக்கும் இந்த வேலை கூடுதலாக நடக்கும்.

அளந்ததைத் திரும்பப் பயன்படுத்துவதிலும் கவனம் வந்தது. பெற்றோர்ப் பெட்டி கொடுக்கும் உயர வரம்பு மட்டும் மாறினால் உடனே மறுபடி அளப்பதில்லை. புதிய வரம்பில் முடிவு வேறாக வருமா என்று முதலில் பார்க்கப்படுகிறது. இரண்டு சொல் உள்ள பெயர் ஒன்றுக்கு இடம் இன்னும் கொஞ்சம் உயரமானால் என்ன மாறப்போகிறது? பழைய பத்தியே போதும்.

வேலையை நகர்த்துதல்

குறைக்க முடிந்ததைக் குறைத்த பிறகு மிச்சமிருப்பது உண்மையிலேயே செய்தாக வேண்டிய அளவிடுதல். அதை முதன்மை த்ரெட்டை விட்டு நகர்த்த முடியுமா என்ற கேள்வி பழையது. 2018இல் ஆண்ட்ராய்டு 9 ப்ரீகம்ப்யூட்டட் டெக்ஸ்ட் என்ற வகுப்பைத் தந்தது. பின்னணி த்ரெட்டில் உரையை அளந்து வைத்துக்கொண்டு, கம்போஸுக்கு முந்தைய எழுத்து உறுப்பான டெக்ஸ்ட்வியூவிடம் கொடுக்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் பொறுப்பு செயலி எழுதுபவர் தலையில் விழுந்தது. அளக்கும்போது வைத்த எழுத்துருவும் அளவும் காட்டும் இடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பிழை எறியும். இந்தக் கட்டுப்பாட்டோடு அதைப் பெரிய செயலி முழுக்கப் பயன்படுத்துவது சுலபமில்லை.

2025 ஆகஸ்டு வெளியீட்டோடு கம்போஸ் வேறு வழியில் இதைக் கையில் எடுத்தது. பட்டியலில் அடுத்து வரப்போகும் வரிசைகளை முன்கூட்டியே தயாரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அப்போது தெரியவரும் உரையைப் பின்னணி த்ரெட்டில் அளந்து, கேஷை முன்பே சூடாக்கி வைக்கிறார்கள். பின்னணியில் கிடைத்த முடிவைத் திரைக்குக் கொண்டுபோய் ஒட்டுவதில்லை. சொற்கள் கேஷில் இருக்கும்படி செய்துவிட்டால், முதன்மை த்ரெட் வழக்கம்போல் அளக்கும்போது ஹார்ஃப்பஸ் வரை இறங்காமல் பதில் கிடைத்துவிடும். பின்னணி வேலை முடியாமல் போனாலும் தவறான எதுவும் திரையில் வராது, கொஞ்சம் தாமதம் மட்டுமே. இப்படித் தோற்றாலும் கெடுக்காத வேகப்படுத்தலைத்தான் ஒரு கருவித்தொகுப்பு துணிந்து எல்லோருக்கும் கொடுக்க முடியும். தமிழ் போல ஒவ்வொரு சொல்லும் புதிதாக வரும் உரைக்கு இதில் கிடைக்கும் பயன் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

செயலி எழுதுபவர் பக்கம்

இவ்வளவு செய்து வைத்தாலும் குறுக்குப் பாதையை விட்டு வெளியே போவது நம் கையில்தான் இருக்கிறது. பட்டியல் முழுவதையும் செலக்‌ஷன் கன்டெய்னருக்குள் (உரையைத் தேர்ந்தெடுக்க விடும் உறைக்குள்) வைத்தால் உள்ளே உள்ள ஒவ்வொரு டெக்ஸ்ட்டும் முழுப் பாதைக்குப் போகும். வரி எண்ணிக்கையை அறிய ஒரு கால்பேக் வைத்து, அந்தப் பதிலால் நிலையை மாற்றினால் முழுப் பாதையோடு மறு கம்போஸிஷனும் சேரும்.

நிறம் மாறும் அனிமேஷனுக்கு பேஸிக் டெக்ஸ்ட்டில் நிறத்தை ஒரு ஃபங்ஷனாகக் கொடுக்கும் வழி இருக்கிறது. அதை வரையும் கட்டத்தில்தான் கூப்பிடுகிறார்கள், ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமிலும் கம்போஸிஷனும் லேஅவுட்டும் ஓடாது. எழுத்தளவை அனிமேட் செய்வது இதற்கு நேரெதிர். ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுத்தளவு வேறு, ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் கேஷில் புதிய பதிவு. அளவிடும் செலவு ஒருபுறம் இருக்க, திரும்ப யாரும் கேட்காத பதிவுகள் உள்ளே புகுந்து பயனுள்ள பழைய சொற்களை வெளியே தள்ளுகின்றன. பெரிதாவது போலத் தெரிந்தால் போதும் என்றால் கிராஃபிக்ஸ் லேயரின் ஸ்கேலைப் பயன்படுத்தலாம், அங்கே மறு அளவிடுதல் இல்லை.

2025இல் வந்த ஆட்டோ சைஸ் வசதியும் இதே கணக்கில் வரும். இயல்பு அமைப்பில் 12இலிருந்து 112 வரை, 0.25 படிகளில் பொருத்தமான எழுத்தளவைத் தேடும். அது சுமார் 400 சாத்தியங்கள். பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவதால் ஏறத்தாழ 9 முறை அளந்தால் முடிந்துவிடும். திரையில் ஒரு பெரிய தலைப்புக்கு இது பிரச்சினையே இல்லை. ஸ்க்ரோல் ஆகும் ஒவ்வொரு அட்டையிலும் வைத்தால் பிரச்சினை. வைத்தே ஆக வேண்டுமென்றால் எல்லைகளைச் சுருக்கி, படியை ஒன்று இரண்டு என்று பெரிதாக்குங்கள்.

கேன்வாஸில் நேரடியாக எழுத்து வரைபவர்கள் எழுத்தை அளந்து தரும் டெக்ஸ்ட் மெஷரரின் கேஷைக் கவனிக்க வேண்டும். அதன் இயல்பு அளவு 8. வரைபடத்தில் இரண்டு அச்சுகளிலும் சேர்த்து இருபது எண்கள் என்றால், சுழற்சியாக ஒவ்வொன்றும் அடுத்ததை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கேஷ் இருந்தும் இல்லாத மாதிரி. உருவாக்கும்போதே தேவையான எண்ணைக் கொடுத்துவிடலாம்.

இதையெல்லாம் சோதிப்பது ரிலீஸ் பில்டில், விலை குறைந்த ஒரு போனில் இருக்கட்டும். டெக்ஸ்ட்வியூ இயங்குதளத்தோடு தொகுக்கப்பட்டு வருகிறது. கம்போஸ் செயலிக்குள் நூலகமாக வருவதால், பேஸ்லைன் ப்ரொஃபைல் (முன்கூட்டியே தொகுக்க வேண்டிய நிரல்களின் பட்டியல்) இல்லாவிட்டால் முதல் சில இயக்கங்களில் அதன் நிரலே மெதுவாக ஓடும். டிபக் பில்டில் தெரியும் தடுக்கலை வைத்து எழுத்தைக் குறை சொல்ல முடியாது. வேகத்தை அளக்கும் மேக்ரோபெஞ்ச்மார்க்கின் ஃப்ரேம் நேரமும், நேரம் போன வழியைப் பதிவு செய்யும் பெர்ஃபெட்டோ ட்ரேஸும் சேர்த்துப் பார்த்தால், நேரம் கம்போஸிஷனில் போகிறதா அளவிடுதலில் போகிறதா என்பது தெளிவாகிவிடும். அது தெரியாமல் எதையும் மாற்றத் தொடங்கக் கூடாது.

இன்னும் தீராத ஒன்று நீண்ட உரை. ஒரு முழுக் கட்டுரையையும் ஒரே டெக்ஸ்ட்டில் கொடுத்தால், திரையில் தெரிவது முதல் இருபது வரிதான் என்றாலும் உயரம் சொல்வதற்காகக் கடைசி வரி வரை அளக்க வேண்டும். பத்தி பத்தியாகப் பிரித்து LazyColumn என்னும் பட்டியல் உறுப்பில் வைத்தால் தெரியும் பகுதி மட்டும் அளக்கப்படும், பின்னணி முன்தயாரிப்பும் கிடைக்கும். ஆனால் வாசகர் ஒரு பத்தியில் தொடங்கி வெகுதூரம் கீழே வரை உரையைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க நினைத்தால், திரையை விட்டுப் போன பத்திகள் தேர்விலிருந்து நழுவும். வேகமா, தடையில்லாத தேர்வா என்பதை இப்போதைக்கு ஒவ்வொரு செயலியும் தன் வாசகர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. செய்திச் செயலி என்றால் நான் பத்தியாகப் பிரிப்பேன். சட்ட ஆவணங்களைக் காட்டும் செயலி என்றால் முதல் திறப்பின் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரே டெக்ஸ்ட்டாக விடுவேன்.